ஜெர்மனியில் சின்னத் தாத்தா குடும்பம்: முதல்முறை பார்க்கப் போகிறேன், வழி சொல்லுங்கள்

நெய்வேலிக்காரி:

வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாக நெதர்லாந்தில் ஐந்தோவனுக்குப் போகிறேன். சனி, ஞாயிறு விடுமுறை. அங்கிருந்து ஜெர்மனி எல்லை பக்கம்தான். அந்த எல்லைக்கு அப்பால் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவர்களைப் பார்த்ததே இல்லை.

என் தாத்தாவும் அவர் தம்பியும் நெய்வேலி முதல் சுரங்கத்தில் ஆரம்ப காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேல்மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்கள் அப்போது மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. சின்னத் தாத்தா ஃபிட்டர். அந்த வேலை பழக 60களில் அங்கே போனவர், பிறகு கொலோன் பக்கத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலேயே வேலை தேடிக்கொண்டு, ஒரு ஜெர்மன் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். கொள்ளுத் தாத்தா அவரைத் தலைமுழுகிவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். 90களின் நடுவில் சின்னத் தாத்தா இறந்த சேதி வந்தது. அதோடு சரி, தொடர்பு விட்டுப்போயிற்று. தாத்தாவும் இப்போது இல்லை.

கையில் இருப்பது ஒரு கல்யாணப் போட்டோ, ஒரு குழந்தையின் போட்டோ, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் முகவரி. ஊர் பெயர் இம்மராத். கூகுள் வரைபடத்தில் தேடினால் அந்த இடத்தில் ஊரையே காணோம், பெரிய பள்ளம்தான் தெரிகிறது. இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் எப்படிப் போய்ப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரைன்கரை:

நான் ஆகனில் படிக்கிறேன், அந்த ஊர் எனக்குப் பக்கம். நீங்கள் பார்த்த பள்ளம் கார்ட்ஸ்வைலர் திறந்தவெளிச் சுரங்கம். இம்மராத் ஊரைச் சுரங்கத்துக்காகவே காலி செய்தார்கள். 2006இல் மக்கள் இடம் மாறத் தொடங்கினார்கள். இரட்டைக் கோபுரம் வைத்த பெரிய தேவாலயம் ஒன்று அங்கே இருந்தது. 2018 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள். இங்கே செய்திகளில் பெரிதாக வந்தது.

ஆனால் ஊர் அழிந்ததே தவிர ஊர்க்காரர்கள் காணாமல் போகவில்லை. எர்க்கெலென்ஸ் நகரத்தை ஒட்டி, கூக்கோஃபன் பக்கத்தில் புது இம்மராத் என்று ஒன்றைக் கட்டிக் குடியேற்றினார்கள். எல்லோரும் அங்கே போகவில்லை, சிலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். பழைய ஊரும் புதிய ஊரும் ஒரே நகராட்சிதான். அங்கே கேட்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பழைய_தடம்:

ரைன்கரை சொன்னதோடு சேர்த்து ஒரு விஷயம். ஜெர்மனியில் வீடு மாறினால் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒருவரின் தற்போதைய முகவரியை வெளியாரும் சிறு கட்டணம் கட்டிக் கேட்கலாம். பெயர் மட்டும் போதாது. பிறந்த தேதியோ பழைய முகவரியோ சேர்த்துக் கொடுத்து, யாரைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். உங்களிடம் பழைய முகவரி இருக்கிறதே, அதுவே பெரிய சொத்து. சம்பந்தப்பட்டவர் தன் முகவரியைத் தரக்கூடாது என்று முன்பே தடை வாங்கியிருந்தால் மட்டும் கிடைக்காது.

சின்னத் தாத்தாவின் மனைவி பெயரில் கேளுங்கள். மகள் கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருக்கலாம், அம்மாவின் பெயர் மாறியிருக்க வாய்ப்பு குறைவு.

முகவரி கிடைத்தால் நேரே போய் மணி அடிக்க வேண்டாம். ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்புவதைவிடக் கடிதம் நல்லது. கையெழுத்தில், ஒரே பக்கம். நீங்கள் யார், யாருடைய பேத்தி, எந்த ஊர், எந்தத் தேதிகளில் அந்தப் பக்கம் இருப்பீர்கள். போட்டோவின் நகலை உள்ளே வையுங்கள், அசல் வேண்டாம். பணமோ, சொத்தோ, தங்க இடமோ கேட்டு வரவில்லை என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதவே கூச்சமாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று சொந்தம் என்று எழுதினால் யாருக்கும் முதலில் பயம்தான் வரும். அந்த ஒரு வரி அதைப் போக்கிவிடும்.

மதுரைவீதி:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அம்மாவின் பெரியப்பா மகன் ஸ்டுட்கார்ட் பக்கம் செட்டில் ஆனவர், மனைவி ஜெர்மன்காரர். அப்பா அம்மாவை ஐரோப்பா சுற்றுலா கூட்டிப்போனபோது ஆசையாக அவர்களைப் பார்க்கப் போனோம். காப்பி, கேக் கொடுத்தார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். சாப்பிட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா வண்டியில் அழுதுகொண்டே வந்தார். இன்றுவரை அதைப் பேசுவார்.

அது ரத்த சொந்தம், சின்ன வயதில் சேர்ந்து வளர்ந்தவர்கள். உங்களுடையது அதைவிடத் தூரத்து உறவு. போகாதீர்கள் என்று சொல்லவில்லை, நம் ஊர் உபசாரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டில் தங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிட்டு ஓட்டலில் அறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஹம்_வாசி:

மதுரைவீதி அண்ணை, உங்கட அம்மாவின்ர கவலை எனக்கு விளங்குது. நானும் ஜேர்மனிக்கு வந்த புதுசில இப்பிடித்தான் நினைச்சனான். 80களில யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, இப்ப ஹம் நகரத்தில இருக்கிறன். எங்கட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிற ஊர் எண்டால் எல்லாருக்கும் தெரியும்.

இங்க ஒருத்தர் மூண்டு மணிக்குக் கோப்பிக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டால், அது மூண்டில இருந்து ஐஞ்சு, ஐஞ்சரை வரைக்கும். அதுக்கு முதல் நாளே கேக் சுட்டு, மேசை விரிப்பு மாத்தி, நல்ல கோப்பைகளை எடுத்து வைச்சிருப்பினம். அந்த ரெண்டு மணித்தியாலமும் ரெலிவிஷன் இல்லை, போன் இல்லை, உங்களோட மட்டும்தான் கதை. இரவுச் சாப்பாடு பெரும்பாலும் பாணும் சீஸும்தான், அதைக் குடுத்து விருந்தாளியை அனுப்பிறது மரியாதையில்லை எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ. அவையள் துரத்தேல்லை.

நெய்வேலித் தங்கச்சிக்கு: மூண்டு எண்டால் மூண்டுதான். பத்து நிமிசம் முந்திப் போனாலும் வெளியில நிண்டுட்டுப் போங்கோ. பூ வாங்கினால் வெள்ளைச் செவ்வந்தி வேண்டாம், அது செத்தவீட்டுப் பூ. சிவப்பு ரோசாவும் வேண்டாம், அது காதலுக்கு. சப்பாத்தை வாசலில கழட்டவோ எண்டு கேளுங்கோ. வயசான அம்மா இருந்தால் முதல் அவவுக்குக் கை குடுங்கோ. டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியாட்டில் பரவாயில்லை, இளம் ஆக்கள் ஆங்கிலம் கதைப்பினம்.

நெய்வேலிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நகராட்சிக்கு எழுதிக் கேட்டதில் முகவரி கிடைத்தது, சின்னப் பாட்டி உயிரோடு இருக்கிறார்! புது இம்மராத்தில்தான். பழைய_தடம் சொன்ன மாதிரியே ஒரு பக்கக் கடிதம் எழுதிப் போட்டேன்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. எழுதியவர் சின்னப் பாட்டியின் மகள், அதாவது எனக்கு அத்தை. குழந்தை போட்டோவில் இருப்பது அவர்தானாம். ஆங்கிலத்தில் நான்கே வரி. சனிக்கிழமை மூன்று மணிக்கு வரும்படியும், எர்க்கெலென்ஸ் நிலையத்தில் தானே வந்து கூட்டிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், அப்பாவின் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் இருப்பதை எங்களால் படிக்க முடியவில்லை, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

என்ன கொண்டுபோகலாம்? அம்மா பால்கோவாவும் நெய் மைசூர்பாகும் கட்டித் தருகிறேன் என்கிறார்.

தஞ்சைப்பயணி:

பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலை, மாம்பழமும் முடியாது, செடி கொடி வகைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எண்ணெயில் சுட்ட முறுக்கு, கடலை மிட்டாய் கொண்டுபோங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நெதர்லாந்து கொடுக்கும் ஷெங்கன் விசா பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது, அதிலேயே ஜெர்மனி போகலாம், அதிக நாள் தங்குவது நெதர்லாந்தாக இருந்தால் போதும். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ரயிலிலும் போலீஸ் ஏறிக் கேட்கும்.

ரைன்கரை:

ஐந்தோவனிலிருந்து வென்லோ, அங்கே மாறி மன்ஷன்கிளாட்பாக், மறுபடி மாறி எர்க்கெலென்ஸ். இங்கே ரயில்கள் தாமதமாவது சகஜம், எனவே ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பூவைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பழைய_தடம்:

முறுக்கைவிட முக்கியமானது ஒன்று. வீட்டில் இருக்கும் எல்லாப் பழைய போட்டோக்களையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் கீழும் யார், என்ன உறவு, எந்த ஊர் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பெரிய தாளில் வம்ச வரிசை வரைந்து, சின்னத் தாத்தாவின் கிளையை மட்டும் காலியாக விடுங்கள். அவர்கள் கையாலேயே நிரப்பட்டும்.

நெய்வேலிக்காரி:

போய் வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எர்க்கெலென்ஸ் நிலையத்தில் அத்தையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வெளுத்த நிறம், ஜெர்மன் கண்ணாடி, ஜெர்மன் கோட்டு. ஆனால் அந்த நெற்றியும் புருவமும் எங்கள் தாத்தாவுடையது, அப்படியே. அவர் கை நீட்டினார், நான் கை கொடுத்தேன், அப்புறம் அவராகவே கட்டிக்கொண்டார்.

புது இம்மராத் சுத்தமான ஊர். வீடெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, மரங்களும் அப்படியே. சின்னப் பாட்டி வாசலுக்கே வந்து நின்றார். எண்பது தாண்டியவர், நிமிர்ந்த நடை. மேசையில் ரைஸ்ஃப்ளாடன் என்று ஒரு பண்டம் வைத்திருந்தார்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மாவுத் தட்டில் ஊற்றிச் சுட்டது. ஆகன் வட்டாரத்தில் இது ரொம்ப காலமாக உண்டாம். சின்னத் தாத்தா ஜெர்மனிக்கு வந்த புதிதில் எதையும் சாப்பிடப் பிடிக்காமல் இருந்தபோது, இதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார் என்று பாட்டி சொல்ல, அத்தை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஹம்_வாசி அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடவில்லை.

பிறகு பெட்டி வந்தது. பிஸ்கட் தகர டப்பா. உள்ளே நீல நிற வான்கடிதங்கள், ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியவை. ரப்பர் காய்ந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தது, அத்தை கத்தி முனையால் மெல்ல எடுத்தார். எல்லாம் தாத்தாவின் கையெழுத்து. அந்தச் சாய்ந்த 'ழ'வை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். அனுப்புநர் முகவரியில் எங்கள் வீடு இல்லை. முதல் சுரங்கத்தின் பட்டறை முகவரி இருந்தது. கொள்ளுத் தாத்தாவுக்குத் தெரியாமல் தாத்தா வேலை இடத்திலிருந்தே வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. அப்பாவுக்கே தெரியாது.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன், அத்தை அதைப் பாட்டிக்கு ஜெர்மனில் சொன்னார். பெரிய விஷயங்கள் அதிகம் இல்லை. நெய்வேலி நகரியத்தின் ஒரு வட்டத்தில் புதுக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பசு கன்று போட்டது. அம்மாவுக்குக் கண்புரை. ஷிப்ட் மாறியது. பணம் அனுப்பாதே, அப்பாவுக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பச் சொல்வார். ஒரு கடிதத்தில் மட்டும் இப்படி இருந்தது: "உனக்குப் பெண் பிறந்த சேதியை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டில் குழந்தை பேருக்கு ஒரு பால் காவடி எடுக்கச் சொன்னாள். நானே எடுத்தேன். யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை."

அத்தை அதை உடனே பாட்டியிடம் சொல்லவில்லை. என்னிடம் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இந்தியாவில் தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துத்தான் அவர் வளர்ந்திருக்கிறார். அப்பா அந்தக் கடிதங்களை வாசிப்பதைப் பார்த்திருக்கிறார், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லையாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் புரியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. அத்தை பிறந்தபோது அவருக்கு ஜெர்மன் குடியுரிமை இல்லை. 1975க்கு முன்னால், கல்யாணமான ஜெர்மன் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடியுரிமை தானாக வராது என்பது சட்டம். அதனால் சின்னத் தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நீலப் பாஸ்போர்ட்டும் அதே டப்பாவில் இருந்தது. மஞ்சளாகிப்போன பக்கத்தில் அத்தையின் ஜெர்மன் பெயரும் பக்கத்தில் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரும்.

ஐந்தரை மணி ஆனது. நான் எழுந்தேன். பாட்டி என்னவோ சொன்னார். ஞாயிறு காலையும் வா, கல்லறைக்குப் போகலாம் என்று அர்த்தமாம். எர்க்கெலென்ஸில் ஓட்டல் அறை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று, மதுரைவீதிக்கு நன்றி.

சின்னத் தாத்தாவைத் தகனம் செய்துதான் வைத்திருக்கிறார்கள். தகனம் செய்தாலும் சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ள இங்கே பொதுவாக அனுமதி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். கல்லறை இடமும் சொந்தமாகக் கிடைக்காது, பெரும்பாலும் 20, 30 வருஷக் குத்தகைதான். குத்தகை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். இதை இங்கே வரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் பார்க்கவே கிடைக்காது. ஊர் மாறியபோது பழைய கல்லறைத் தோட்டத்தையும் மாற்றியிருக்கிறார்கள். சின்னத் தாத்தாவின் அஸ்தியையும் தோண்டி எடுத்துப் புது இடத்தில் வைத்தார்கள், அன்றைக்குப் பாட்டி அங்கேயே நின்றாராம்.

சுரங்கம் ஓரத்தில் யாக்கராத் என்ற இடத்தில் பார்வை மேடை இருக்கிறது. அத்தை அங்கேயும் கூட்டிப்போனார். தூரத்தில் பக்கெட் வீல் இயந்திரங்கள். இந்தச் சுரங்கத்தில் இருக்கும் ஒன்று 1978இல் க்ரூப் நிறுவனம் கட்டியது, 13,500 டன் எடை. 2001இல் வேறொரு சுரங்கத்திலிருந்து 22 கிலோமீட்டர் தன் சங்கிலிச் சக்கரத்திலேயே நகர்ந்து வந்ததாம். நெய்வேலியில் வளர்ந்த எனக்கு அந்தச் சக்கரம் புதிதில்லை. இரண்டாம் சுரங்கத்துக்கு என் அம்மா வீட்டு நிலம் போனதை அத்தையிடம் சொன்னேன். ஊர் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே 2030இல் பழுப்பு நிலக்கரி எடுப்பதை நிறுத்தப்போகிறார்கள். இம்மராத்துக்கு அது பிந்திவிட்டது.

மதுரைவீதி:

இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஹம்_வாசி எழுதியதைக் கேட்டதும் அம்மா, அந்த வீட்டு மேசையில் புது விரிப்பு போட்டிருந்தது நினைவிருக்கிறது என்றார். மறுபடி பேசலாமா என்று அவரே கேட்கிறார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதுவோம்.

ஹம்_வாசி:

எழுதுங்கோ அண்ணை. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, ஒரு வாழ்த்து மட்டை போட்டாலே போதும், அது இங்க பெரிய விசயம். பிறந்தநாளுக்கு எண்டால் முந்தி வாழ்த்தக்கூடாது, அண்டைக்கோ பிந்தியோதான்.

தங்கச்சி, காவடி வரியில எனக்குக் கண் கலங்கிட்டுது.

பழைய_தடம்:

அந்த வான்கடிதங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். ரப்பர் பேண்ட் மறுபடி போட வேண்டாம், செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். மடிப்பை விரித்து, அமிலமில்லாத காகித உறைகளில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, தபால் முத்திரைத் தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். நீங்கள் வாசிக்கும்போது குரலைப் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது, அங்கே தமிழ் கேட்க வேறு வழி இல்லை.

இன்னொன்று. சின்னத் தாத்தா எழுதிய பதில்கள் எங்கே? பட்டறை முகவரிக்குத்தானே வந்திருக்கும். தாத்தாவின் பழைய பெட்டிகளை ஒருமுறை பாருங்கள்.

நெய்வேலிக்காரி:

அதைத்தான் அப்பா இப்போது பரணில் தேடிக்கொண்டிருக்கிறார். குரல் பதிவு நல்ல யோசனை, ஆரம்பித்துவிட்டேன்.

வேறொரு கேள்வி. அத்தையும் அவர் மகனும் ஜனவரியில் நெய்வேலி வர ஆசைப்படுகிறார்கள். பாட்டியால் அவ்வளவு தூரம் முடியாது. ஜெர்மன் பாஸ்போர்ட்காரர்களுக்கு என்ன விசா?

தஞ்சைப்பயணி:

முதல் பயணத்துக்கு இ-டூரிஸ்ட் விசா போதும், இணையத்திலேயே எடுக்கலாம், சென்னை விமான நிலையத்தில் செல்லும். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அதேபோல இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும்.

ஆனால் அவர்கள் அடிக்கடி வருவதாக இருந்தால் ஓசிஐ அட்டைக்கு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கான நீண்டகால அனுமதி அட்டைக்கு, முயலலாம். 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை தகுதி உண்டு. சின்னத் தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறதே, அதுதான் முக்கிய ஆதாரம். அத்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஆட்களின் இனிஷியல் அங்கே குடும்பப் பெயராக மாறியிருக்கும், பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

நெய்வேலிக்காரி:

ஆமாம், அப்படித்தான் மாறியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர்தான் அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு இ-விசா, ஓசிஐ பற்றி அவர்கள் இங்கே வந்த பிறகு பார்க்கலாம் என்று அத்தைக்கு எழுதுகிறேன்.